மதுரையில் மாணவர்களுக்குத் தங்க இடமில்லை, கட்டடம் கட்ட உள்ளூர்ப் பையன்கள் இல்லை: ரெண்டையும் சேர்த்துப் பேசுவோமா?

நாகமலை நந்தன்

அக்கா மகளுக்கு இந்த வருஷம் மதுரையில் பி.எஸ்சி. சீட் கிடைத்தது. ஊர் பேரையூர்ப் பக்கம், தினமும் போய் வர முடியாது. கல்லூரி விடுதியில் கேட்டால் காத்திருப்புப் பட்டியல். வெளியே நரிமேடு, பீபிகுளம், சொக்கிகுளம் என்று தேடினோம். நாலு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு, சாப்பாட்டோடு மாதம் ஆறாயிரத்துக்குப் பக்கம் கேட்கிறார்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடியும். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகலாம், ஆனால் சாவி வார்டனிடம். புதுமைப்பெண் திட்டத்தில் வரும் ஆயிரம் ரூபாயை இதில் எங்கே வைத்துப் பார்ப்பது?

கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் இந்த அறைகளைத் தேடுவதில்லை. 2023-ல் நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் திறந்த பிறகு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள் சுத்துப்பட்டு மாவட்டங்களிலிருந்து வந்து அந்தப் பக்கமே அறை எடுக்கிறார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களும் அதே கட்டிலைத்தான் கேட்கிறார்கள். அவர்களால் கூடுதலாகக் கொடுக்க முடியும்.

நான் சைட் எஞ்சினியர். என் பக்கத்துப் பிரச்சினை வேறு. கட்டடம் கட்ட உள்ளூரில் கை தேர்ந்த ஆள் குறைந்துகொண்டே போகிறது. நல்ல பூச்சு வேலைக்காரர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பின்னால் யார் என்று பார்த்தால் ஒருத்தரும் இல்லை.

2025-26 மாநில பட்ஜெட்டில் சென்னை, கோவை, மதுரையில் தலா ஆயிரம் மாணவர்கள் தங்க விடுதி என்று 275 கோடி அறிவித்தார்கள். என் கேள்வி: இப்படி ஒரு பெரிய வேலை நடக்கும்போது, ஐ.டி.ஐ. பையன்களை அந்த சைட்டிலேயே தொழில் பழகுநராக (அப்ரண்டிஸாக) சேர்த்தாக வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதினால் என்ன? விடுதியும் வரும், கட்டத் தெரிந்த பையன்களும் வருவார்கள்.

வண்டியூர் வாசு

விடுதி எப்போது வரும் என்று முதலில் சொல்லுங்க. 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல். 2022-ல் சேர்ந்த முதல் ஐம்பது எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் படிக்கப் போனது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு. மதுரை எய்ம்ஸ் மாணவர்களுக்கு மதுரையில் இடமில்லை! இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மட்டுறுத்துநர்

எய்ம்ஸ் பற்றிய கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே விடுதி, வேலை இரண்டும் போதும்.

கோரிப்பாளையம் கதிர்

//பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடியும்//

சரிதான் அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் நடத்துகிறவன் பக்கத்தையும் கேளுங்க. அம்மா பெண்களுக்கான சின்ன விடுதி ஒன்று நடத்துகிறார். பழைய வீடு, தாத்தா கட்டியது. 2014-ஆம் வருஷச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் எடுக்க வேண்டும். அதற்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ். அதைக் குறை சொல்லவே மாட்டேன். 2024 செப்டம்பரில் கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து ரெண்டு பெண்கள் இறந்தது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. இடிக்கச் சொல்லி மாநகராட்சி முன்னாலேயே நோட்டீஸ் கொடுத்த கட்டடம் என்று அப்போது செய்தி வந்தது.

அதற்கப்புறம் சோதனை கெடுபிடியானது. எங்கள் தெருவில் ரெண்டு பேர் "நமக்கு எதுக்கு வம்பு" என்று விடுதியை மூடிவிட்டு வீட்டைக் குடோனுக்கு விட்டுவிட்டார்கள். அத்தனை கட்டில் போச்சு. புதிதாக யாரும் திறக்கவில்லை. ஜி.எஸ்.டி. குழப்பம் மட்டும் ஒருவழியாகத் தீர்ந்தது. 2024 ஜூனில் கூடிய கவுன்சில், மாதம் இருபதாயிரம் வரைக்கும், தொடர்ந்து 90 நாள் தங்கினால் வரி இல்லை என்று முடிவெடுத்தது.

புதிதாகக் கட்டுவதை விட, இருக்கிற வீட்டைச் சரி செய்ய எங்களைப் போன்றவர்களுக்குக் கை கொடுத்தால் கட்டில் சீக்கிரம் கிடைக்கும். ரெண்டு மாதமாக நான் ஒரு எலக்ட்ரீஷியனைத் தேடுகிறேன். "சின்ன வேலை அண்ணே, வர்றேன்" என்கிறார்கள். வருவதில்லை.

மாசி வீதி ராம்

கதிர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குள் உயர்த்திக் கட்டவும் முடியாது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் கூடாது. தரைத்தளமும் மேலே ரெண்டு மாடியும், அவ்வளவுதான். கோபுரம் தெரியவேண்டும் என்பது நியாயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாசி வீதிகளிலும் சிம்மக்கல் சந்துகளிலும் முற்றம் வைத்த பழைய வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை முடியாது, வாடகைக்கு விட்டால் காலி பண்ணமாட்டார்களோ என்று பயம் வேறு. எங்கள் பக்கத்து வீட்டில் எட்டு அறை, குடியிருப்பது புறா.

வாடகைக்கு விடுகிறவர்கள் 2017-ஆம் வருஷ வாடகைச் சட்டத்தைப் படித்தால் பாதி பயம் போகும். எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிந்துகொள்ளலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்பதற்கில்லை என்பது வாடகைக்கு வருகிறவருக்கு லாபம். நம்ம ஊரில் பத்து மாதம் கேட்கிறார்கள் என்பது தனிக் கதை.

தெப்பக்குளம் டீக்கடை

எல்லாம் சொன்னீங்க. "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பதை ஒருத்தரும் சொல்லலையே.

செல்லூர் செல்வி

டீக்கடை அண்ணன் சொல்லிவிட்டார், நானும் சொல்கிறேன். ஃபோனில் அறை இருக்கிறது என்பார்கள். நேரில் போனால் சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்று சுத்திச் சுத்தி வந்து கடைசியில் "தம்பி மகனுக்குக் கொடுத்துட்டோம்" என்பார்கள். கறி சமைப்பீர்களா என்று கேட்பதும் இதே கேள்விதான், வேறு வாசல் வழியாக வரும். அதனால்தான் அரசு விடுதி வேண்டும் என்கிறேன். தனியாரை மட்டும் நம்பினால் எங்களுக்குக் கட்டில் கடைசியில்தான் கிடைக்கும். 2025 ஜூலையில் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர் விடுதிகள் எல்லாவற்றையும் "சமூகநீதி விடுதி" என்று பெயர் மாற்றினார்கள். நல்லது. ஆதிதிராவிடர் நல விடுதி என்ற போர்டு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கக் கூச்சப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். இனி அந்தக் கட்டடங்களின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் கொத்தனார் விஷயம். எங்கம்மா சித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கலவைச் சட்டி தூக்குகிறார். கலவையைக் கண்ணால் பார்த்தே சிமெண்ட் குறைச்சலா, தண்ணி கூடிப்போச்சா என்று சொல்வார். ஆனால் ஒரு நாளும் யாரும் அவர் கையில் கரணையைக் கொடுத்ததில்லை. அவரோடு சேர்ந்த பையன்கள் நிமிந்தாளாகி, கொத்தனாராகி, மேஸ்திரியாகிவிட்டார்கள். "உள்ளூரில் ஆள் இல்லை" என்று பேசும்போது சைட்டில் பாதிப் பேர் பெண்கள் என்பது ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை?

மேஸ்திரி மருது

செல்வி தங்கச்சி கேட்டதுக்கு நான் பதில் சொல்ல முடியாது, தலை குனியத்தான் வேண்டும். என் சைட்டிலும் அப்படித்தான் நடக்கிறது.

நந்தன் தம்பிக்கு மட்டும் நாலு வார்த்தை. டைப் பண்ணித் தருவது மகன்.

கொத்து வேலை ஒரு வாரத்தில் வராது. முதலில் கல் நனைக்கப் பழக வேண்டும். காய்ந்த செங்கலை அப்படியே வைத்தால் கலவையில் இருக்கிற தண்ணியை அது குடித்துவிடும், சுவர் பிடிக்காது. அப்புறம் நூல் பிடிக்க, தூக்குக்குண்டு விட, மட்டம் பார்க்க. கீழ் வரியில் ரெண்டு கல் சேர்கிற இடத்துக்கு நேர் மேலே அடுத்த வரியிலும் இணைப்பு வந்தால் அங்கேதான் விரிசல் விடும். இதை வாயால் சொல்லலாம், கைக்குப் போக நாளாகும். நான் பழக்குகிற பையனுக்கு முதலில் கொடுப்பது காம்பவுண்டுச் சுவர். கோணினாலும் மேலே யாரும் குடியிருக்கப்போவதில்லை. அதில் கை வந்த பிறகு உள்சுவர். பூச்சு அதற்கும் பின்னால்தான். பூச்சைத் தேய்த்துச் சமன் செய்கிற மணியாசுக் கட்டையை இழுக்கிறபோது மணிக்கட்டு எவ்வளவு அமுக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதற்கு ஒரு வருஷமாவது வேண்டும். அந்த ஒரு வருஷம் அவன் வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது? கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரத்துக்கு மேல் போகிறது. பழகுகிற பையனுக்கு நான் ஐநூறு கொடுத்தாலே எனக்குக் கை நஷ்டம், ஏனென்றால் அவன் கட்டினதைப் பாதி நாள் பிரித்துக் கட்ட வேண்டும். அதே பையன் சாப்பாடு டெலிவரிக்கு வண்டி எடுத்தால் அன்றைக்கே காசு. இத்தோடு ஆடி மாதம் யாரும் வாசக்கால் வைக்க மாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே, ஐப்பசி கார்த்திகையில் மழை. வேலை இல்லாத மாதத்தில் பையன் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுவான். திரும்ப வரமாட்டான்.

இன்னொன்று. கொத்தனார் மாப்பிள்ளை என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். சொந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவனுக்கே கொடுக்க மாட்டேன் என்கிறான்.

நாகமலை நந்தன்

மருதண்ணே, ஆடி மாதத்தை நான் நினைக்கவே இல்லை. ஆனால் அரசுக் கட்டடத்துக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. வாஸ்து பார்க்காமல் வருஷம் முழுக்க வேலை ஓடும். நீங்க சொன்னது என் யோசனைக்குத்தான் வலு.

பயிற்றுநர் பாண்டி

நான் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுக்கிறவன், எந்த ஊர் என்பது வேண்டாம். விதிமுறை பக்கத்தைக் கொஞ்சம் தெளிவாக்குகிறேன்.

தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்தது. இப்போதைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நாலு பேரிலிருந்து 29 பேர் வரை இருந்தால் விருப்பப்பட்டு எடுக்கலாம். 2016-ல் வந்த மத்தியத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாயை, அரசு ஏற்றுக்கொள்கிறது. காகிதத்தில் பார்த்தால் நந்தன் கேட்பது ஏற்கெனவே இருக்கிறது.

நடைமுறையில் ஏன் இல்லை? பெரிய ஒப்பந்தக்காரர் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங்கை ஒருத்தருக்கும், கம்பி கட்டுவதை இன்னொருத்தருக்கும், கொத்து வேலையை மூன்றாமவருக்கும் பிரித்து விட்டுவிடுகிறார். சைட்டில் இருநூறு பேர் நிற்பார்கள், எந்தப் பதிவேட்டிலும் முப்பது பேர் வரமாட்டார்கள். கேட்டால் "அவங்க எங்க ஆள் இல்ல சார்". எஞ்சுவது மருதண்ணனைப் போன்ற மேஸ்திரிகள். கற்றுக் கொடுக்கிற கை அவர்களுடையது, ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் நிறுவனமே இல்லை.

எங்கள் பக்கத்திலும் கோளாறு இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை எல்லாம் தருகிறோம். விண்ணப்பம் குவிவது எலக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும். கொத்து வேலைப் பிரிவு என்றால் பையனுக்கு முன்னால் அப்பா எழுந்து நின்று "வேற ஏதாச்சும் கொடுங்க சார்" என்பார். அந்த அப்பாவே கொத்தனாராக இருப்பார்.

வண்டியூர் வாசு

பணம்தான் பிரச்சினை என்றால் நல வாரியத்தில் இருக்கிறதே. எந்தக் கட்டடம் கட்டினாலும் மதிப்பில் ஒரு சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குப் போகிறது. 275 கோடியில் ஒரு சதவீதம் 2.75 கோடி. வாரியம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சியில் கூலி இழப்புக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய் கொடுக்கிறார்கள். அதே கணக்கில் மாதம் 25 நாள், மூன்று மாதம் கொடுத்தால் ஒருத்தருக்கு அறுபதாயிரம். 450 பேருக்கு மேல் பழக்கிவிடலாம்.

மேஸ்திரி மருது

தம்பி, அது எங்க பென்ஷன் காசு. சாரத்திலிருந்து விழுந்தவன் பொண்டாட்டிக்குப் போற காசு. 1994-ல் வாரியம் வருவதற்கு எத்தனை போராட்டம் நடந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்க. அதில் கை வைக்காதீங்க. கட்டடம் யாருக்கு வேணுமோ அவங்க கொடுக்கட்டும்.

பயிற்றுநர் பாண்டி

மருதண்ணன் சொல்வதுதான் சரி. டெண்டரில் சிமெண்ட்டுக்கு ஒரு வரி, கம்பிக்கு ஒரு வரி இருப்பதைப் போலப் பழகுநர் கூலிக்கும் தனியாக ஒரு வரி போட வேண்டும். செலவு அரசுடையது, ஆனால் ஆளைக் காட்டினால்தான் பில் பாஸாகும். இல்லையென்றால் சும்மா நிபந்தனையாக எழுதி வைப்பார்கள், ஒப்பந்தக்காரர் நாலு ஆதார் நகலை இணைத்துவிட்டுப் போய்விடுவார். பையனுக்குப் பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். கற்றுக் கொடுக்கிற மேஸ்திரிக்கும் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வர வேண்டும், அதை யாருமே யோசிப்பதில்லை.

இன்னொரு கண்டிப்பு: பதினெட்டு ஆகாத பையனைச் சாரத்தில் ஏற்றக் கூடாது. பழகுநருக்கு அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியது வேலை கொடுத்தவர்தான், சட்டத்திலேயே இருக்கிறது.

செல்லூர் செல்வி

பழகுநரில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே சித்தாளாக இருக்கும் பெண்களுக்கு என்று அந்த வரியிலேயே எழுதுங்க சார். அவங்க புதுசாக வெயிலுக்குப் பழக வேண்டியதில்லை, கலவையும் தெரியும். கரணை பிடிக்க மட்டும் விட்டால் போதும். சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை வைக்கவும் அப்போதுதான் யாருக்காவது தோன்றும்.

மாசி வீதி ராம்

மாணவர் விடுதியைக் கட்ட வருகிற ஒடிசா, பீகார்ப் பையன்கள் தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். அதையும் எங்கேயாவது எழுதி வையுங்க.

கோரிப்பாளையம் கதிர்

பெரிய விடுதி பற்றிப் பேசுவது சரி. நான் என் வீட்டுக்கே திரும்பி வருகிறேன். எங்கள் வீட்டு வயரிங் அப்பா காலத்தது. அன்றைக்கு நாலு ஃபேன், ஆறு பல்பு. இன்றைக்கு ஒவ்வொரு கட்டிலுக்கும் ஃபோன், லேப்டாப், கீழே பெரிய பிரிட்ஜ், கிரைண்டர், ரெண்டு கீசர். பிள்ளைகள் ஒளித்து வைத்திருக்கும் இண்டக்ஷன் அடுப்பு தனி. மெயின் போர்டைத் தொட்டால் சூடு தெரிகிறது. பாண்டி சார், கொத்து வேலைக்குத்தான் பையன்கள் வரவில்லை, எலக்ட்ரீஷியன் பிரிவுக்குக் குவிகிறார்கள் என்கிறீர்களே, அந்தப் பையன்களை இந்த மாதிரிப் பழைய விடுதிகளுக்கு அனுப்ப முடியாதா?

பயிற்றுநர் பாண்டி

இது நான் எதிர்பார்க்காத பக்கம், ஆனால் நல்ல பக்கம். எங்கள் பையன்கள் வகுப்பில் பலகையில் அடித்த வயரிங்கைத்தான் பார்க்கிறார்கள். நாற்பது வருஷத்து வீட்டில் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது வேறு வித்தை. லோடு கணக்கெடுப்பது, எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிப்பது, மின்கசிவு வந்தால் கரண்ட்டை நிறுத்தும் ஆர்.சி.டி. மாட்டுவது, கீசருக்குத் தனி லைன் இழுப்பது எல்லாம் பழகுநருக்கு ஏற்ற வேலை. சாரம் ஏறத் தேவையில்லை, ஆடி மாதமும் தடை இல்லை.

ஆனால் பையனைத் தனியாக அனுப்ப முடியாது. உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரர் கூட நின்று, முடிவில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஐ.டி.ஐ. படிக்காமல் வயரிங் வேலையிலேயே பல வருஷம் ஓட்டியவர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதிச் சான்று வாங்கலாம். அப்படிப்பட்டவர்கள் மதுரையில் நிறைய இருக்கிறார்கள். ஒருத்தருக்கு ரெண்டு பையன்கள் என்று சேர்த்து விட்டால் நடக்கும். உங்கள் மின் இணைப்பில் அனுமதித்த லோடு எவ்வளவு என்று பில்லில் பாருங்க முதலில்.

கோரிப்பாளையம் கதிர்

3 கிலோவாட் என்று போட்டிருக்கிறது சார்.

பயிற்றுநர் பாண்டி

ரெண்டு கீசரும் சேர்ந்து ஓடினாலே அது தாண்டிவிடும். லோடு கூட்டச் சொல்லி மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுங்க. அதுவரை ஒரு கீசரை அணைத்து வையுங்க, பெரிய பிரிட்ஜைத் தனிப் பிளக்கில் போடுங்க, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம்.

நாகமலை நந்தன்

டெண்டரில் அந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்று நான் எழுதிப் பார்க்கிறேன். பாண்டி சாரும் மருதண்ணனும் திருத்தித் தந்தால் பொதுப்பணித் துறைக்கும் ஆட்சியர் குறைதீர்க் கூட்டத்துக்கும் மனுவாகக் கொடுக்கலாம். செல்வி, பெண்கள் பங்கு பற்றிய பத்தியை நீங்களே எழுதுங்க, நான் எழுதினால் உப்புச் சப்பில்லாமல் இருக்கும்.

செல்லூர் செல்வி

எழுதுகிறேன். அம்மாவையும் கையெழுத்துப் போட வைக்கிறேன்.

கோரிப்பாளையம் கதிர்

சார், ஒரு சந்தேகம். பையன்கள் வந்தால் வயரும் சுவிட்சும் யார் வாங்குவது?

பயிற்றுநர் பாண்டி

நீங்கதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்க, பில் வாங்க மறக்காதீங்க. மதியச் சாப்பாடும் உங்க அம்மா கையால் போட்டால் பையன்கள் மறுநாளும் வருவார்கள்.